ஐந்து பெட்டியும் ஒரு போத்தல் கியூட்டெக்ஸும்

02 யூலை 2025, புதன்

கபில நிறம் இன்றும் சரிவரவில்லை. மருதனார்மடத்து பான்சிக் கடையில் வாங்கிய கியூட்டெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலில் நிறத்தின் பெயர் "சொக்லேற்" என்று போட்டிருக்கிறது. காய்ந்தபின் சொக்லேற் மாதிரியேதான் பளபளக்கிறது. எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் மூன்றாம் வகுப்புப் பெட்டி பளபளத்ததில்லை. மனைவி சுபாஜினியின் முகப்பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து நிறத்தில் கலந்தேன். பளபளப்பு அடங்கிற்று. பெட்டி இப்போது மல்லிகை மணக்கிறது. அதையும் மன்னிக்கலாம், மணம் என் கண்ணாடி அலுமாரிக்கு வெளியே வராது.

பத்திரிகையில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன் மிச்சக் காலத்தை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரில் ஒழுங்கு உண்டு. கோயில் நிர்வாகசபையில் சேர்ந்து வழக்குப் போட வேண்டும். அல்லது வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் வீட்டில் எத்தனை குளியலறை என்று உரத்துச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வழக்குப் போட எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே கைக்கு அடங்கும் புகையிரதப் பெட்டிகளுக்கு நிறம் பூசுகிறேன். தலை சுகமில்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நல்ல முடிவு. அதன்பிறகு ஒருவரும் வீட்டுக்கு வந்து கதைப்பதில்லை.

05 யூலை, சனி

வந்து கதைத்தார்கள்.

வாகீசன் மாஸ்ரர். பாடசாலை அதிபராக இருந்தவர், இப்போது எங்கள் சனசமூக நிலையத்தின் தலைவர். கையில் பெரிய பெட்டி. கனடாவில் இருக்கும் என் மைத்துனன், சுபாஜினியின் தம்பி பார்த்தீபன், நிலைய வாசிகசாலைக்கு ஒரு முழு மாதிரிப் புகையிரதத்தைக் கப்பலில் அனுப்பியிருக்கிறான். இஞ்சின் ஒன்று, பெட்டி ஐந்து. கண்ணாடி அலுமாரியில் வைத்துத் திறப்புவிழா செய்ய அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறான். பெட்டிகள் கடுகு மஞ்சள். பக்கத்தில் ஏதோ அந்நிய நாட்டுக் கம்பனியின் பெயர். அதை மறைத்து எங்கள் பழைய கோச்சியின் நிறம் பூசி, எழுத்தும் எழுத வேண்டுமாம்.

"நீர்தான் செய்யவேணும், சிவரூபன். நான் பார்த்தீபனுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

என் சம்மதத்தை இன்னொருவர் கொடுப்பது எங்கள் நிலையத்தின் நிர்வாக முறை.

வாசல்வரை போனவர் திரும்பினார். "ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். எங்கையாவது புகையிரதம் எண்டு எழுதிப்போடாதையும். புகை எங்கை? ரதம் எங்கை? தொடருந்து எண்டுதான் எழுதவேணும்."

"உங்கடை வீட்டிலை என்னெண்டு சொல்லுறது, மாஸ்ரர்?"

"வீட்டிலை கோச்சி எண்டுதான். வீடு வேறை, தமிழ் வேறை."

09 யூலை, புதன்

எழுத வேண்டிய வாசகம் வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு வரி, இரண்டு பக்கமும்:

நிலைய அதிபர் முத்துக்குமாரு நினைவாக
உபயம்: மு. பார்த்தீபன் குடும்பம், கனடா

உபயம் எனக்குப் புதிதல்ல. இந்தக் குடாநாட்டில் கோயில் ரியூப்லைற்றைக் கொடுப்பவர் அதிலேயே தன் பெயரை எழுதுவிப்பார். வெளிச்சத்தில் அரைவாசியை அந்தப் பெயரே குடித்துவிடும். மீதி அரைவாசியில் அந்தப் பெயரை வாசிக்கலாம். மின்விசிறி கொடுத்த ஒருவர், சுழலும்போது தன் பெயர் தெரியவில்லை என்று திருவிழா முழுவதும் அதை நிற்பாட்டி வைக்கச் சொன்னார். சனம் வியர்த்தபடி வாசித்தது. ஆகவே இரண்டாம் வரியில் எனக்குப் புதினம் இல்லை.

புதினம் முதலாம் வரியில். முத்துக்குமாரு என் மாமனார். அவர் ஒரு நாளும் நிலைய அதிபராக இருந்ததில்லை. இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் ஓர் ஒழுங்கையில் கேற் காவலாளி. கோச்சி வரும்போது கேற்றைப் பூட்டிப் பச்சைக் கொடி பிடித்தவர். தொண்ணூறில் போர் வந்து கோச்சி நின்றது, கேற்றும் போயிற்று. ஆனால் அவர் சாகும்வரை ஊரில் அவருக்குப் பெயர் கேற்றடி முத்துக்குமாரு.

செத்து நான்கு வருடம். அப்போதே பார்த்தீபன் இணையத்தில் போட்ட மரண அறிவித்தலில் அவரை "முன்னாள் புகையிரத நிலைய அதிபர்" ஆக்கிவிட்டான். உயிரோடு இருந்தபோது புதிய கொடி கேட்டாலும் கிடைக்காத மனிதருக்கு இறந்த மறுநாள் பதவி உயர்வு. சுபாஜினி அதன்பிறகு ஒரு வருடம் தம்பியோடு கதைக்கவில்லை.

இன்று அவளிடம் போனைக் கொடுத்தேன். வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தாள்.

"அப்பா கேற்றிலை நிண்டவர்," என்றாள். போனைத் திருப்பித் தந்தாள்.

13 யூலை, ஞாயிறு

அக்காவும் தம்பியும் போனில். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், ஒட்டுக்கேட்கும் சிரமம் எனக்கு இருக்கவில்லை.

"தம்பி, அப்பாவை அப்பாவா எழுது. கேற் காவலாளி எண்டால் என்ன குறை?"

"அக்கா, இப்ப அங்கை ஆருக்குத் தெரியும்? அந்தக் காலத்துச் சனம் எல்லாம் போட்டுதுகள்."

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சால் போதுமே? நான் இஞ்சை பிள்ளையளுக்கு ஸ்ரேசன் மாஸ்ரர் எண்டுதான் சொல்லி வளர்த்தனான். கோபிகா பள்ளிக்கூடத்திலை அதை வைச்சுக் கட்டுரையும் எழுதிப் பரிசும் வாங்கினவள். இனி வந்து இல்லை எண்டு சொல்லவோ?"

பிறகு அவன் குரலைத் தணித்துச் சொன்னான்: "அக்கா, என்னைப் பள்ளிக்கூடத்திலை எல்லாரும் கேற் எண்டுதான் கூப்பிட்டவங்கள். உங்களுக்கு அது தெரியாது."

"தெரியும்," என்றாள்.

கேற் என்று கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்ல நாற்பது வருடமும் ஒரு சமுத்திரமும் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கின்றன. அந்தப் பதிலையும் என்னைக் கொண்டுதான் எழுதுவிக்கிறான்.

15 யூலை, செவ்வாய்

மூன்று பூச்சுப் பூசியும் அந்தக் கம்பனியின் பெயர் அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. நாலாவது பூச்சு. அந்நிய நாட்டுப் பெயர் லேசில் போகாது.

18 யூலை, வெள்ளி

எழுத்துக்கு வழி தேடுகிறேன். எழுத்தின் உயரம் ஓர் அரிசியின் நீளத்தில் அரைவாசி.

முதலில் மலிவான நுட்பம் ஒன்று. வாசகத்தைத் தாளில் கண்ணாடி விம்பமாக, இடம் வலம் மாறி அச்சிட வேண்டும். அச்சுப் பக்கத்தைப் பைண்டர் கம்மில் தோய்த்துப் பெட்டியில் ஒட்டிக் காயவிட்டு, தண்ணீர் தொட்டு விரலால் உரசினால் தாள் உரிந்து மை மட்டும் நேராக நிற்கும். கணினியில் வாசகத்தைப் புரட்டி வைத்துக்கொண்டு பிரதி எடுக்கும் கொமினிகேசன் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அச்சிட்டுச் சுருட்டித் தந்தார். வீட்டில் ஒட்டி, உரசி, உரித்துப் பார்த்தால் எல்லா எழுத்தும் புரண்டு கிடக்கிறது.

திரும்பிப் போய்க் கேட்டேன்.

"அண்ணை, எழுத்தெல்லாம் மாறிக் கிடந்தது. உங்களுக்குக் கண் சரியில்லையாக்கும் எண்டு நான் நேராக்கி அடிச்சுத் தந்தனான். அதுக்குக் காசு வேண்டாம்."

இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தியவனுக்கு ஒருவர் இலவசமாகப் பிழை திருத்தித் தந்த முதல் நாள்.

20 யூலை, ஞாயிறு

பார்த்தீபன் ஒளிப்பதிவுகள் அனுப்புகிறான். ஏப்ரன் கட்டிய வெள்ளைக்கார ஆண்கள், சத்திரசிகிச்சைக்குப் போவது போல முகமூடி, கையில் காற்றால் நிறம் விசிறும் துப்பாக்கி. ஒரு பெட்டிக்கு நிறம் பூச ஓர் அறை. அந்த அறையைக் குளிரூட்ட ஓர் இயந்திரம்.

"அத்தான், உப்பிடி ஒரு எயார்பிரஷ் அனுப்பட்டோ? நீங்கள் பழைய பஞ்சாலை பூசுறியளாம் எண்டு அக்கா சொன்னா."

பழைய தலையணைப் பஞ்சு. உண்மைதான். ஒற்றி ஒற்றிப் பூசினால் தூரிகைத் தடம் விழாது. சன்னலின் கீழ் ஓடும் மஞ்சள் கோட்டுக்கு, செலோரேப்பை பிளேட்டால் நூல் நூலாகக் கிழித்து இரண்டு பக்கமும் ஒட்டி நடுவில் பூசுகிறேன். கதவுப் பிடிக்குப் பல்லுக் குத்தும் குச்சியின் முனை. இதையெல்லாம் அவனுக்கு விளக்கப் போகவில்லை. "வேண்டாம்" என்று ஒரு சொல் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றை உயர்த்தி அனுப்பினான். அந்தக் குடும்பத்தில் இப்போது அதுதான் பேச்சு.

24 யூலை, வியாழன்

கையால்தான் எழுதப் போகிறேன். தொட்டெழுதும் பேனா முனையும் வெள்ளைப் போஸ்ரர் கலரும். பிள்ளைகள் சித்திரப் பாடத்துக்கு வாங்கும் அதே போஸ்ரர் கலர். பேனாவில் நூல் போல இறங்குகிறது. கை தவறினால் ஈரப் பஞ்சால் ஒரு ஒற்று. எழுத்து இருந்த அடையாளமே இருக்காது. குறையும் அதுதான்: எத்தனை நாள் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரையும். ஆகவே மேலே ஒரு காப்புப் பூச்சு வேண்டும். அதற்கு நிறமில்லாத கியூட்டெக்ஸைப் போல மலிவானது வேறில்லை. ஆனால் ஒரே இழுவையில் முடிக்க வேண்டும். இரண்டாம் முறை அதே இடத்தில் இழுத்தால் அது அடியில் உள்ள கபிலத்தையும் கிளப்பிக்கொண்டு வரும்.

என் கை அதற்குச் சரிவராது. சுபாஜினியின் கை சரி. எழுதுவது நான், கியூட்டெக்ஸ் பூசுவது அவள் என்று ஒழுங்கு.

எழுதுமுன் கேட்டேன். "நிலைய அதிபரை என்ன செய்ய? நீர் சொன்னால் நான் எழுதேன். மாஸ்ரர் என்ன, அவன் என்ன, ஆரும் வந்து கேக்கட்டும்."

அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எழுதிக் குடுங்கோ. அவன் சொன்னபடி."

எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடம் தம்பியோடு கதைக்காமல் இருந்தவள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தவள். இறுதியில் எல்லாரும் ஒரே விலைதான். கப்பலில் பெட்டி வந்தால் போதும், உண்மை ஓரமாக ஒதுங்கி வழிவிடும். ஊரில் ஒருத்தியாவது மிச்சம் இருக்கிறாள் என்று நினைத்தேன். இவளும்.

30 யூலை, புதன்

நல்லூர் கொடியேறிவிட்டது. பாதி ஊர் அங்கே. அந்த அமைதியில் இரண்டு பெட்டி எழுதி முடித்தேன். நிலைய அதிபர், நிலைய அதிபர், நிலைய அதிபர். யோசித்தால் அந்தப் பட்டத்துக்கு இந்த ஊரில் ஒருவர்தான் பொருத்தம்: வாகீசன் மாஸ்ரர். அதிபராக இருந்தவர், நிலையத்தில் இருப்பவர்.

02 ஓகஸ்ட், சனி

முடிந்தது. ஐந்து பெட்டியும் எழுதி, சுபாஜினி கியூட்டெக்ஸ் பூசி, வரிசையாகச் சாப்பாட்டு மேசையில் நிற்கின்றன. அவளுடைய வேலையை நான் சரிபார்க்கவில்லை. முப்பத்தொரு வருடத் திருமணம் கற்பித்த ஒரே இலக்கணம் அது.

பெட்டிகள் புதிதாகத் தெரியக்கூடாது. அடியில் துருவுக்குச் செங்கட்டித் தூள் போட்டேன். கூரையில் தூசி தேவை. அடுப்புச் சாம்பல் கொஞ்சம் கரடு. சுவாமி அறைத் திருநீறு இன்னும் நுண்மை. ஒரு சிட்டிகைக்குக் கை நீட்டினேன். சுபாஜினி பார்த்த பார்வைக்குப் பிறகு அடுப்புச் சாம்பலே போதும் என்று தெரிந்தது.

06 ஓகஸ்ட், புதன்

வந்துவிட்டார்கள். பார்த்தீபன், மனைவி, மகள் கோபிகா. கோபிகாவுக்குப் பத்தொன்பது வயது. தமிழ் கதைப்பாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நல்ல கோப்பையைப் போலக் கவனமாகத் தூக்கி வைப்பாள்.

பார்த்தீபன் பெட்டிகளைப் போனின் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எழுத்துக்கூட்டி வாசித்தான். "குறை சொல்லக்கூடாது அத்தான், நல்லாத்தான் கிடக்கு. எயார்பிரஷ் எண்டால் ஒரு பினிஷ் வந்திருக்கும்." பிறகு மோந்து பார்த்தான். "என்ன, மல்லிகைப்பூ மணக்குது?"

"முதலாம் வகுப்பு," என்றேன்.

சாப்பிடும்போது அறிவித்தான்: ஞாயிறு திறப்புவிழா, அதற்கு முதல்நாள் சனிக்கிழமை மருதனார்மடத்து ஆஞ்சநேயரிடம் கொண்டுபோய் வாகனப் பூசை.

"எதுக்கு?"

"கோச்சிக்கு, அத்தான். புது வாகனம்தானே."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. வாகனம் என்றால் பூசை; அதன் நீளம் எவ்வளவு என்பது பிரச்சினை இல்லை. சுபாஜினி அவனுக்கு இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். "செய் தம்பி. நல்லது," என்றாள்.

09 ஓகஸ்ட், சனி

முழுதாக எழுத வேண்டும்.

கோயில் முன்றலில் பூசைக்கு மூன்று வாகனங்கள்: ஒரு மோட்டார் சைக்கிள், ஓர் ஓட்டோ, எங்கள் கோச்சி. பார்த்தீபன் அதைப் பெரிய வெள்ளித் தட்டத்தில், தண்டவாளத் துண்டோடு, மாப்பிள்ளைத் தோழன் போலத் தூக்கி வந்தான். ஓட்டோக்காரர் எங்களுக்கு வழிவிட்டார். ஐயர் இளம் ஐயர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"வாகனத்தின்ரை நம்பர்?"

"நம்பர் இல்லை ஐயா. யாழ்தேவி எண்டு சொல்லுங்கோ."

"உரிமையாளரின்ரை நட்சத்திரம்?"

"பூரட்டாதி."

தேங்காய் உடைத்தார். இஞ்சினின் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்; அதன் முன்கண்ணாடி முழுவதும் பொட்டாயிற்று. சில்லுக்குக் கீழ் தேசிக்காய் வைக்க வேண்டும். தேசிக்காய் இஞ்சின் உயரத்துக்கு இருந்தது. ஐயர் ஒரு கணம் யோசித்து, தோலில் ஒரு சீவல் சீவி வைத்தார். பார்த்தீபன் பக்தியோடு இஞ்சினை விரலால் தள்ளி அதை நசித்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

பிறகு ஐயர் செம்பில் மாவிலையைத் தோய்த்துத் தெளித்தார். தாராளமான கை. மோட்டார் சைக்கிளுக்குத் தெளிக்கும் அதே அளவு. கோபிகா போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் கண்டது.

"அப்பா, அது அழுகுது."

ஐந்து பெட்டியின் பக்கங்களிலிருந்தும் வெள்ளை இறங்கியது, நீர்த்த பால் போல, மஞ்சள் கோட்டைத் தாண்டிச் சில்லுவரை. பார்த்தீபன் பாய்ந்து வேட்டித் தலைப்பால் துடைத்தான். துடைக்கத் துடைக்க இன்னும் துப்புரவாகப் போயிற்று. நிலைய அதிபர் போய்விட்டார். ஐந்து பெட்டியிலும்.

"அத்தான்! என்ன பெயின்ற் இது? பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை பெயின்றோ? நான் தலைகீழா நிண்டு கேட்டனான், எயார்பிரஷ் அனுப்பட்டோ எண்டு! மலிவுச் சாமான், மலிவுச் சாமான்... பாருங்கோ இப்ப!"

 

மோட்டார் சைக்கிளோடு ஒரு கிழவர் வந்திருந்தார், மகனின் வண்டி. கனகசபாபதி என்று பிறகு தெரிந்தது. கேற் இருந்த ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் வீடு. தட்டத்துக்கு மேல் குனிந்தார்.

"ஆற்றை கோச்சி உது?" மூக்குக் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். "முத்... துக்... குமாரு நினைவாக. ஆர், கேற்றடி முத்துக்குமாருவோ?"

பார்த்தீபன் இஞ்சினில் எதையோ தேடத் தொடங்கினான்.

"ஓம் ஐயா," என்றாள் சுபாஜினி. "நான் அவற்றை மூத்தவள். இவன் தம்பி. இது தம்பியின்ரை மகள்."

"அட! அவன்ரை பேத்தியோ?" கிழவர் கோபிகாவை நோக்கித் திரும்பினார். "உன்ரை அப்பப்பா என்ரை கலியாணத்தையே குழப்பினவன், தெரியுமோ?"

"அப்பப்பா ஸ்ரேசன் மாஸ்ரர்தானே?"

"ஸ்ரேசன் மாஸ்ரருக்கு ஆர் பயந்தது? நான் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக் காருக்குள்ளை இருக்கிறன். முகூர்த்தம் போகுது. உவன் கேற்றைப் பூட்டிப்போட்டான். கோச்சியின்ரை சத்தமே இல்லை. நான் இறங்கிப்போய்க் கத்துறன், டேய், நல்ல நேரம் போகுதடா எண்டு. கொடியைச் சுருட்டிக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு சொல்லுறான்: 'அண்ணை, கோச்சிக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லை. தலையோடை போய்த் தாலி கட்டு.'"

ஓட்டோக்காரர் சிரித்துவிட்டார். ஐயரும்.

"பிறகு?" என்றாள் கோபிகா.

"பிறகென்ன, தாலி கட்டினது இராகு காலத்திலை. இண்டைக்கும் எங்கடை வீட்டிலை சண்டை வந்தால் மனிசி என்னைத் திட்டுறேல்லை. கேற்றடியானைத்தான் திட்டுவாள். பொலிஸ் ஜீப் வந்தாலும் நிண்டுதான் போகவேணும், பிள்ளை. அவன் நிண்ட காலம் அந்தக் கேற்றிலை ஒரு கோழி அடிபட்டதில்லை."

கோபிகா சத்தம் போட்டுச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்ததை நான் கேட்டது இதுதான் முதல். பிறகு தகப்பனைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்பா? கேற்றடி எண்டால் என்ன?"

பார்த்தீபன் தட்டத்தைத் தூக்கினான். "வீட்டை போய்க் கதைப்பம்," என்றான்.

10 ஓகஸ்ட், ஞாயிறு

திறப்புவிழா நடந்தது. காலையிலேயே பார்த்தீபன் வந்து, அழிந்த இரண்டு சொல்லையும் உடனே எழுதித் தரச் சொன்னான். தூசி கழுவப்பட்ட இடம் காய வேண்டும், இன்று ஆகாது என்றேன். அது உண்மை. உண்மையாக இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வாகீசன் மாஸ்ரர் தலைமையுரையில் தொடருந்து என்ற சொல்லை ஒரு தாகத்தோடு பாவித்தார். பார்த்தீபன் எழுதி வைத்த பேச்சோடு ஒலிவாங்கிக்கு வந்தான். கோபிகா முன்வரிசையில் இருந்தாள். "எங்கள் அப்பா, அமரர் முத்துக்குமாரு அவர்கள்" என்று தொடங்கித் தாளைப் பார்த்தான். அலுமாரியைப் பார்த்தான். மகளைப் பார்க்கவில்லை. "அவர்கள்... புகையிரத சேவையில்... கடமையாற்றியவர்," என்று முடித்தான். மாஸ்ரர் கனைத்தார். அவருடைய மனவருத்தம் புகையிரதத்தோடு மட்டும்தான்.

அலுமாரியைப் பூட்டுமுன் ஒரு பெட்டியை எடுத்து சன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தேன். கியூட்டெக்ஸ் பூசிய இடம் மினுங்கும், பூசாத இடம் மங்கல். மினுக்கம் "மு"வில் தொடங்குகிறது. முத்துக்குமாருவும் நினைவாகவும் மினுங்குகின்றன. இரண்டாம் வரி முழுவதும் மினுங்குகிறது. அடுத்த பெட்டி. அதுவும் "மு"வில். ஐந்து பெட்டியும் அப்படியே, இரண்டு பக்கமும்.

வீட்டில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சுபா, நீர் எல்லா எழுத்துக்கும் பூசினனீர்தானே?"

"பூசினனான்."

"நிலைய அதிபருக்கு?"

"கியூட்டெக்ஸ் முடிஞ்சுபோச்சு."

போத்தல் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் கால்வாசி கிடக்கிறது.

"ஒவ்வொரு பெட்டியிலும் அந்த ரெண்டு சொல்லுக்குத்தான் முடிஞ்சதோ?"

"ஓம்."



"அப்ப பூசை எண்டு தெரியாமல் எப்பிடி...?"

"புதுச் சாமான் எண்டால் இஞ்சை ஆரோ ஒருத்தர் தண்ணி தெளிக்காமல் விடுவினமே?"

"அப்ப உபயத்துக்கு ஏன் பூசினீர்? அதுவும் போயிருக்கலாம்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "அவன் என்ரை தம்பி. அவன்தானே வாங்கித் தந்தவன்? அது உண்மை. உண்மையை ஏன் அழிப்பான்?"

அச்சேறிவிட்ட பிழையை அடித்து எழுத முடியாது. அடுத்த இதழில் திருத்தம் போடுவதுதான் வழக்கம்.

திருத்தம்: இந்நாட்குறிப்பில் யூலை 24ஆம் திகதிக் குறிப்பின் கடைசிச் சொல்லான "இவளும்" என்பதை நீக்கி வாசிக்கவும்.

17 ஓகஸ்ட், ஞாயிறு

போய்விட்டார்கள். போகுமுன் கோபிகா அத்தையைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கைக்குப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்தீபன் வாடகை வானுக்குள்ளேயே இருந்தான், பயணப்பொதிகளைக் காவல் காத்தபடி. ஆனால் வானை அந்த ஒழுங்கையால் விடச் சொன்னவன் அவன்தான் என்கிறாள் சுபாஜினி. எனக்கு நம்பிக்கை இல்லை. சாரதிக்கு வழி தெரியாமல் இருந்திருக்கும்.

14 செப்டெம்பர், ஞாயிறு

காலையில் பார்த்தீபனின் செய்தி. கட்டைவிரல் இல்லை, சொற்கள்.

"அத்தான், கோபிகா நெடுகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பெட்டியிலை அந்த இடம் ஏன் வெறுமையாக் கிடக்கு எண்டு. கேற்றடி எண்டு எழுத இடம் காணுமோ?"

மூன்றுமுறை வாசித்தேன், எழுத்துப்பிழை தேடுவது போல. இல்லை. பதில் போட்டேன்: "காணும்."

வாகீசன் மாஸ்ரரிடம் அலுமாரிப் பூட்டின் திறப்பை வாங்கப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அதிர்ந்தார்.

"கேற் தமிழோ, சிவரூபன்? எழுதுறதெண்டால் கடவையடி எண்டு எழுதும்."

"மாஸ்ரர், கடவையடி முத்துக்குமாரு எண்டு இந்த ஊரிலை ஒருத்தரும் இருக்கேல்லை."

யோசித்தார். திறப்பைத் தந்தார். பிறகு பின்னாலேயே வந்து நின்று பார்த்தார். நிலைய அதிபர் இருந்த இடத்தில் கேற்றடி தாராளமாக அடங்கிற்று. மிஞ்சின இடத்துக்கு என்ன போடப் போகிறீர் என்று கேட்டார். ஒன்றும் போடப் போவதில்லை என்றேன்.

எழுதிக் காய்ந்த பிறகு சுபாஜினி போத்தலோடு வந்தாள். ஐந்து பெட்டி, இரண்டு பக்கம், ஒவ்வொன்றும் ஒரே இழுவை. இம்முறை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓர் எழுத்தையும் விடவில்லை. கியூட்டெக்ஸும் முடிந்துபோயிற்று.